ஃபீச்சரிங் பாட்டி

2021 மார்ச் 7-ஆம் தேதி 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தபோது நான் பெஸ்தாரி ஜெயாவில் பாட்டி வீட்டில் இருந்தேன். சிலாங்கூரில் நடமாட்டக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பாட்டிக்கு அந்த ஊர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 2007-இல் பெயரை மாற்றியதை அவர் ஒத்துக்கொண்டதே இல்லை. போனில் பாட்டைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். ரேப் வந்த இடத்தில் முகத்தைச் சுளித்தார். ஒப்பாரி மெட்டு வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "யாருடா செத்தது?" என்றார்.

அந்தப் பாட்டு வந்த கதை இப்போது ஊருக்கே தெரியும். இருந்தாலும் என் கதைக்கு அது வேண்டும் என்பதால் சொல்லிவிடுகிறேன். இசை சந்தோஷ் நாராயணன், பாடியவர்கள் தீயும் அறிவும், வரிகள் அறிவு. வெளியிட்டது ஏ.ஆர். ரஹ்மானின் பங்களிப்போடு தொடங்கிய மாஜ்ஜா. சினிமா இல்லை, ஹீரோ இல்லை. தனிப்பாடலாக வந்து கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள். பாட்டுக்கு அடியில் ஒரு கிழவி இருக்கிறார்: அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை மூன்றாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. கோணி மூட்டையைப் பங்கு போடுவதுபோல.

எங்கள் பக்கம் அந்த மாதிரி ஒப்பந்தம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் தோட்டம் நடந்தது. பெஸ்தாரி ஜெயா பக்கத்திலேயே தென்னமரம் என்று ஒரு எஸ்டேட் இருக்கிறது. 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட இடம் அதுதான். நட்டவர் ஹென்றி ஃபாக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு 'மலேசி' என்று நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசு வாங்கினார். எஸ்டேட்டுக்குப் பெயர் தென்னமரம், நட்டது செம்பனை, எழுதியது பிரெஞ்சில். குழி தோண்டியவர்கள் என்ன பாடிக்கொண்டு தோண்டினார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

அன்று சாயந்திரம் பாட்டியிடம், "நீங்களும் பாடுவீங்கல்ல, ஒன்னு பாடுங்க" என்றேன். முதலில் மாட்டேன் என்றார். "வீட்ல நல்லா இருக்கறப்ப ஒப்பாரி பாடக்கூடாதுடா." பிறகு வாசலில் உட்கார்ந்து, வீட்டுக்குள் போகாமல், பாடினார். போனில் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பின்னால் சேவல் கூவும். நடுவில் ஒரு இருமல். "தண்ணி குடு" என்று ஒரு குரல்.

இசை செய்கிற கூட்டாளி ஒருவன் இருந்தான். அனுப்பினேன். சேவலை எடுத்தான், இருமலை எடுத்தான், கீழே ஒரு கிட்டாரும் டிரம்ஸும் போட்டான். உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு வாரத்தில் ஏற்றிவிட்டோம். பெயர் போடும் இடத்தில் அவன் பெயர், என் பெயர். அதற்குக் கீழே 'பாரம்பரியப் பாடல்' என்று ஒரு வரி. அந்தச் சொல்லை டைப் செய்தவன் நான்தான். கௌரவமான சொல் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் சென்னையில் சண்டை தொடங்கியது. டிஜே ஸ்னேக் செய்த ரீமிக்ஸ் விளம்பரத்தில் அறிவு இல்லை. 2021 ஆகஸ்ட் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அதே பாட்டு, அறிவு இல்லாமல். அதன் பிறகு அறிவு ஒரு அறிக்கை எழுதினார்: பாட்டைக் கட்டியது, எழுதியது, பாடியது தான் என்றும், மெட்டோ ஒரு சொல்லோகூட யாரும் தனக்குத் தரவில்லை என்றும். சந்தோஷ் நாராயணனும் பதில் எழுதினார்: இசையமைத்துப் பதிவு செய்தது தான் என்றும், வருமானம் மூவருக்கும் சமம் என்றும். 2024 மார்ச்சில் அவரே வந்து, மூன்று வருடமாகத் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றார். சமமாகப் பிரிப்பதற்குக் கையில் எதுவும் வந்திருக்கவில்லை.

நாங்கள் எல்லாரும் அறிவு பக்கம். வாட்சாப்பில் நான் எழுதியதை இன்று படித்தால் கூச்சமாக இருக்கிறது. 'தீ ஃபீச்சரிங் அறிவு' என்று முதலிலேயே பெயர் போட்டதில் தொடங்கிய அநியாயம் இது என்று பத்தி பத்தியாக எழுதினேன். எழுதியதில் இப்போதும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் எங்கள் பாட்டில் பாட்டிக்கு அந்த 'ஃபீச்சரிங்'கூட இல்லை. அதைச் சுட்டிக்காட்டியது என் தங்கைதான், அதுவும் குரூப்பில், எல்லார் முன்னாலும்: "அண்ணே, பாட்டி எந்தப் பாரம்பரியம்? அவங்களுக்கு ஐ.சி. இருக்குல்ல?"

கூட்டாளிக்குப் போன் போட்டேன். நாட்டுப்பாட்டுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, அமைத்த இசைக்குத்தான் உரிமை என்றான். சட்டப்படி அவன் சொன்னதில் பெரிய தப்பு இல்லை. பாட்டி பெயரைப் போடுவதில் அவனுக்கு ஆட்சேபமும் இல்லை. "நீதான மச்சான் லிஸ்ட் அனுப்பின" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் பாட்டியிடம் போய்ச் சொன்னேன், பெயரைப் போடாமல் விட்டுவிட்டோம், இனிமேல் போடுகிறோம் என்று. பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"என் பேரு எதுக்கு? அது என் பாட்டு இல்லையே."

பால் வெட்டப் போன காலத்தில் கடைசி லயத்தில் ஒரு கிழவி இருந்தாராம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அவர்தான் முதலில் போவார். செத்தவருக்குத் தகுந்த மாதிரி வரியை அங்கேயே மாற்றிக் கட்டுவார். பாட்டி பாடியது, அந்தக் கிழவி தன் மகனுக்குக் கட்டியது. மகன் மரத்திலிருந்து விழுந்து போனவன்.

"அவங்க பேரு என்ன பாட்டி?"

"யாருக்குடா தெரியும்? கெழவின்னுதான் கூப்புடுவோம். செக்ரோல்ல எழுதியிருக்கும்."

எந்த செக்ரோல்? பெரட்டுக் களமே இப்போது இல்லை. ஆபீஸ் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. செத்த மகனுக்கு ஒரு தாய் கட்டிய பாட்டுக்கு நாங்கள் டிரம்ஸ் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டிக்கு முதல் நாளே தெரியும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அறிவு 2024-இல் தன் ஆல்பத்துக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எங்கள் பாட்டை எடுத்துவிட்டேன். கூட்டாளியைக் கேட்காமல் எடுத்தேன். அதுவும் தப்புதான், அவன் இன்னும் கோபமாக இருக்கிறான். சேவலும் இருமலும் உள்ள முதல் பதிவு என் போனில் இருக்கிறது. ஃபைலுக்குப் பெயர் வைக்க இரண்டு தடவை உட்கார்ந்தேன். இப்போதைக்கு அது தேதியோடு மட்டும் இருக்கிறது.