கறுப்பு ஜன்னலில் தமிழ், கலர் ஜன்னலில் கோவிந்தா!

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கட்டுரை போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் அந்த அரைப் பக்கத்தில் ஊறுகாய் விளம்பரம் வந்துவிடும். ஊறுகாய் வந்தால் எனக்குச் செக் வராது. 'ஃப்ரீலான்ஸ்' என்று கவுரவமாகச் சொல்லிக்கொள்கிறேனே தவிர, சமாசாரம் இவ்வளவுதான்.

அன்றைக்கு மணி மூன்று. கம்ப்யூட்டரில் தமிழ் வரவில்லை.

கம்ப்யூட்டர் செகண்ட் ஹாண்ட். அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் என் மச்சினன். "காசு கிடையாது அத்தான், எல்லாம் இலவசம்" என்றான். தலைவலியும் இலவசம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தமிழ் டைப் அடிக்க 'ஐபஸ்' என்று ஒன்றைப் போட்டு, தமிழ்99 கீபோர்டையும் தேர்ந்தெடுத்திருந்தேன். கூடவே 'எக்ஸ்போர்ட் ஜிடிகே_ஐஎம்_மாட்யூல்=ஐபஸ்' என்று தொடங்கும் மூன்று வரிகளை, 'டாட் பாஷ்ஆர்சி' என்ற ஃபைலின் கடைசியில் எழுதி வைத்தேன். இவற்றுக்கு என்விரான்மென்ட் வேரியபிள் என்று பெயர். புரோகிராம் பிறக்கும்போதே அதன் காதில் ஓதி அனுப்பும் சேதி. 'எழுத்து வேணும்னா ஐபஸ் மாமாவைக் கேளு' என்கிற மாதிரி. 1979-ல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்புக் காலத்து ஏற்பாடு.

டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து, அங்கே பெயரை அடித்து எடிட்டரைக் கிளப்பினால் தமிழ் ஜோராக வந்தது. அதே எடிட்டரை ஐகானைத் தட்டிக் கிளப்பினால், 'அம்மா' என்று அடித்த இடத்தில் 'ஏ கே கே க்யூ' என்று வந்து நின்றது.

சரி, கறுப்பு ஜன்னல் வழியாகவே எழுதித் தொலைப்போம் என்று மூன்று பாரா முடித்தேன். இடத்தை அடைக்கிறதே என்று கறுப்பு ஜன்னலை மூடினேன். கூடவே எடிட்டரும் போய்ச் சேர்ந்தது. சேவ் பண்ணவில்லை!

அப்போது மணி மூன்றரை. நான் உதிர்த்த வார்த்தையை இங்கே அச்சில் போட மாட்டார்கள்.

கவுரவத்தை மடித்து வைத்துவிட்டு மச்சினனுக்கு போன் போட்டேன்.

"எந்த ஃபைல்ல எழுதினீங்க அத்தான்?"

சொன்னேன். சிரித்தான்.

"அதைப் படிக்கிறது பாஷ். டெர்மினலைத் திறந்தா பாஷ் வரும், படிக்கும், தன் பிள்ளைங்களுக்குச் சொல்லும். ஐகானைத் தட்டினா பாஷ் நடுவுலயே வரலியே! அங்கே டெஸ்க்டாப்தான் அப்பா. அப்பாவுக்கே தெரியாத விஷயத்தைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லுவார்?"

என் பி.காம். மூளைக்குச் சட்டென்று உறைத்தது. சர்க்குலரை அக்கவுன்ட்ஸ் செக்ஷன் நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்டிவிட்டு, டெஸ்பாட்ச் ஆசாமி ஏன் படிக்கவில்லை என்று கத்தியிருக்கிறேன். எல்லாரும் நுழைகிற கேட்டில் அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்?

என் மெஷினில் அந்த கேட், 'டாட் புரொஃபைல்' என்ற ஃபைல். லாகின் ஆகும்போதே அது படிக்கப்பட்டு, டெஸ்க்டாப்புக்கும் அதன் சந்ததிக்கும் சேதி போய்விடுகிறது. ஒரே ஒரு புரோகிராமுக்குப் போதும் என்றால், அதன் ஐகானுக்குரிய 'டாட் டெஸ்க்டாப்' ஃபைலில், 'எக்ஸெக்=' என்பதை அடுத்து 'என்வ்' என்று போட்டு, பிறகு வேரியபிள், பிறகு புரோகிராம் பெயர் என்று எழுதினால் தீர்ந்தது.

மூன்று வரிகளையும் அப்படியே இடம் மாற்றினேன். ஐகானைத் தட்டினேன். ஏ கே கே க்யூ!

"லாக் அவுட் பண்ணீங்களா?"

"எதுக்குடா?"

"பிறக்கும்போது ஒரு காப்பி கொடுத்து அனுப்பறதோட சரி. அப்புறம் நீங்க ஃபைலை மாத்தினா, ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற அப்பனுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. வெளியே போய்ட்டு உள்ளே வாங்க அத்தான்."

போய்விட்டு வந்தேன். ஐகான். அம்மா!

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கட்டுரை போனது. ஊறுகாய் தோற்றது.

ஜம்பமாக எழுந்து கூடத்துக்கு வந்தேன். ஐந்து வயது மகள் பொம்மையை அதட்டிக்கொண்டிருந்தாள். மூன்றரை மணிக்கு நான் உதிர்த்த அதே வார்த்தை. உச்சரிப்பு படு சுத்தம்.

சமையலறை வாசலில் தர்மபத்தினி.

"இது எந்த ஃபைல்லேர்ந்து வந்ததாம்?"

புரோகிராமுக்குப் பிறக்கும்போது ஒரே ஒரு காப்பிதான். பிள்ளைகளுக்கு அப்படியில்லை, தினமும் காப்பி ஆகிக்கொண்டே இருக்கிறது. லாக் அவுட் வசதியும் கிடையாது சார்!