ஃபோர்ட் கேனிங் குன்றில் ஒரு வாட்டர்கலர் காலை

பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூர் போகும் நம் குடும்பங்களுக்கு வழக்கமான பாதை ஒன்று உண்டு. தேக்கா, முஸ்தபா, வாழையிலைச் சாப்பாடு, பிறகு குடிநுழைவுச் சோதனையில் நீண்ட வரிசை. அடுத்த முறை அதில் ஒரு காலைப்பொழுதை மட்டும் ஒதுக்கி வையுங்கள். 170ஆம் எண் பேருந்தில் குயின் ஸ்திரீட்டில் இறங்கினால் ஃபோர்ட் கேனிங் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். சின்ன வாட்டர்கலர் பெட்டி, நாலு கெட்டித் தாள், ஒரு தண்ணீர் போத்தல். இவை போதும்.

அந்தக் குன்றுக்கும் நம் ஜொகூருக்கும் உறவு உண்டு. மலாய் அரசர்கள் வாழ்ந்த இடம் என்பதால் அதை 'புக்கிட் லாரங்கான்' என்றார்கள். பொதுமக்கள் ஏறக் கூடாத குன்று. 1819 பிப்ரவரி 6ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ராஃபிள்ஸ் செய்த ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் ஜொகூரின் சுல்தான் ஹுசேனும் துமெங்கோங் அப்துல் ரகுமானும். 1866இல் ஜொகூர் பாருவில் இஸ்தானா பெசாரைக் கட்டிய அபு பக்கார், அந்தத் துமெங்கோங்கின் பேரன்.

நாம் வரையப்போகும் சிலை புதியது. ராஃபிள்ஸும் டென்மார்க்கில் பிறந்த தாவரவியலாளர் நத்தானியேல் வாலிச்சும் சேர்ந்து நிற்கும் வெண்கலச் சிலை 2024இல் இந்தப் பூங்காவில் வைக்கப்பட்டது. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்த வாலிச் 1822இல் சிங்கப்பூர் வந்தார். அப்போது இந்தக் குன்றில்தான் சிங்கப்பூரின் முதல் தாவரவியல் தோட்டம் தொடங்கியது. 48 ஏக்கர், ஜாதிக்காயும் கிராம்பும் முக்கியப் பயிர்கள். 1829இல் அது மூடப்பட்டது. ராஃபிள்ஸுக்கு 1887இல் செய்த வெண்கலச் சிலையும் ஆற்றோரத்தில் வெள்ளைச் சிலையும் ஏற்கெனவே இருக்கும்போது, காலனித்துவ ஆட்சியாளருக்கு இன்னொன்று எதற்கு என்று சிங்கப்பூரர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

வரைய உட்கார்ந்தால் அந்தக் கேள்வி கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். வெண்கலத்துக்கென்று பெட்டியில் தனி வண்ணம் கிடையாது. பர்ன்ட் சியன்னாவோடு அல்ட்ராமரின் நீலத்தைக் கலந்தால் நிழல் பக்கம் கிடைக்கும். வெளிச்சம் விழும் பக்கத்தில் மரங்களின் பச்சை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். முதல் பூச்சு காய நேரமாகும். அவசரப்பட்டு மேலே பூசினால் வண்ணம் ஒன்றோடொன்று ஓடிவிடும். காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் சும்மா சுற்றிப் பார்க்கத்தான் முடியும்.

என்னோடு வந்த அக்கா மகளுக்குப் பத்து வயது. அவள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்த ஊழியர் கண்ணில் பட்டார். பேச்சுக் கொடுத்தோம். அறந்தாங்கிப் பக்கம், வந்து ஆறு வருடமாம்.

"அங்கிள், உங்களையும் வரையட்டுமா?" என்று கேட்டாள்.

"என்னை எதுக்கு பாப்பா? சிலையைப் போடு, அதான் அழகா இருக்கு" என்று சிரித்தார்.

அவள் கேட்கவில்லை. சிலைக்குப் பக்கத்தில் ஒரு ஆரஞ்சுச் சட்டையை வைத்துவிட்டாள். இப்போது படத்தை யார் பார்த்தாலும் முதலில் கண் போவது அந்த ஆரஞ்சில்தான்.

குன்றின் அடிவாரத்தில் சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகம் இருக்கிறது. அதன் சேகரிப்பில் 477 நீர்வண்ணப் படங்கள் உள்ளன. மலாக்காவை நிர்வகித்த, பிறகு சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்ட் ஆன வில்லியம் ஃபார்குவார், மலாக்காவில் இருந்த காலத்தில் வரையச் சொன்னவை. நம் காட்டுச் செடிகள், பழங்கள், பறவைகள், விலங்குகள் எல்லாம் அவற்றில் உண்டு. வரைந்தவர்கள் சீன ஓவியர்கள் என்கிறார்கள். தொகுப்புக்குப் பெயர் 'ஃபார்குவார் தொகுப்பு'. தூரிகை பிடித்தவர்களின் பெயர் அதில் இல்லை.

அங்கிருந்து ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலைக்குப் பக்கத்தில் 2019 ஜனவரியில், அவர் வந்த 200ஆம் ஆண்டையொட்டி, இன்னும் நான்கு சிலைகளை வைத்தார்கள்: சாங் நீல உத்தாமா, தான் தோக் செங், மலாக்காவில் பிறந்து தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லா, நம் நாராயண பிள்ளை. பினாங்கில் எழுத்தராக இருந்த பிள்ளை 1819இல் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்தவர். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். துணிக்கடை வைத்தார், 1822இல் அது தீயில் போனது. மறுபடி எழுந்தார். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் மரமும் அத்தாப்புமாக மாரியம்மன் கோயிலை எழுப்பினார். அவருடைய சிலை ஆற்றங்கரையில் சில நாள்களே இருந்தது. நான்கையும் எடுத்துவிட்டார்கள், ராஃபிள்ஸ் மட்டும் அங்கேயே நிற்கிறார்.

கோயில் இருக்கிறது, கும்பிட ஆள் வருகிறது. பிள்ளைக்குச் சிலை தேவையில்லை என்று சொல்லலாம். ஆனால் கோயிலுக்குப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? சிலை வைப்பது நம் கையில் இல்லை. ஒரு தாளில் யாரை எங்கே நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் குன்றில் இருப்பது நல்லது. பிற்பகலில் மழை வந்தால் தாள் போய்விடும். வரைந்து முடித்ததும் தாளைத் திருப்பி, இடம், தேதி, வரைந்த பிள்ளையின் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதிவையுங்கள். படத்தில் இருப்பவரின் பெயர் தெரிந்தால் அதையும்.