வந்து மறையும் குறை

குறைகள் இருவகைப்படும். ஒன்று, எப்பொழுதும் கண்முன் நிற்பது; மற்றொன்று, வந்து வந்து மறைவது. முன்னதைத் தீர்க்கக் கைத்திறன் போதும். பின்னதைக் கண்டறியவோ பொறுமையும், அதனினும் மேலாக, நடுநிலையான நோக்கும் வேண்டும். இதனை எனக்குத் தெளிவாக உணர்த்தியது எங்கள் குடும்பத்தின் பழைய மோரிஸ் மைனர் மகிழுந்து.

அலெக் இசிகோனிஸ் வடிவமைக்க, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி அது. எங்களுடையது 1962க்குப் பின் வந்த, 1098 கன சென்டிமீட்டர் எந்திரம் உடையது. தோட்டத்தில் கிராணியாராக இருந்த என் தந்தையார் 1969இல் அதனைப் பழைய வண்டியாகவே வாங்கினார். நான் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்றது அதில்தான். அவருடைய இறுதிக் காலத்தில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் அதில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், தாப்பாவிலிருந்து கம்பாருக்குச் செல்லும் சாலையில் மிதமான வேகத்தில் சென்றுகொண்டிருக்கையில், எந்திரம் திடீரென்று அடங்கிற்று. பின்னால் ஒரு லோரி நெருங்கிக்கொண்டிருந்தது. மிதியிலிருந்து காலை எடுத்தேன். எந்திரம் மீண்டும் உயிர்பெற்றது. அதன்பின் வாரத்திற்கு ஒருமுறையேனும் அவ்வாறு நேர்ந்தது. ஆனால், பட்டறையில் நிறுத்தினால் குறை தலைகாட்டுவதில்லை. பட்டறைக்காரர் காயில், கண்டென்சர், பாய்ண்ட், பிளக் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் மாற்றினார். மேட்டுச் சாலையில் வேகமாக ஓட்டியும் பார்த்தார். "சிக்கு, வண்டியில் ஒன்றுமில்லை" என்று கூறி அனுப்பினார். மூன்றாம் நாள் பழைய கதையே!

"அப்பா, தாத்தாவின் நினைவாக வண்டியை வீட்டிலேயே நிறுத்திவைப்போம். சாலையில் ஓட்டி உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்" என்றான் என் மகன். அவன் அச்சத்தில் நியாயம் இருந்தது. இரண்டு மாதத் தவணை கேட்டேன்.

அந்த வண்டியின் மின்பொறி முறை எளிமையானது. மின்கலத்தின் 12 வோல்ட்டைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாய்ண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி பிறக்கிறது. அதன் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கே. எந்திரம் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழன்றால், நொடிக்கு நூறு பொறிகள் வேண்டும். இம்முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்துத் தந்த சார்லஸ் கெட்டரிங், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் முன்னர்ப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதை எண்ணுகையில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், ஒரு மாணவனைப் பற்றிக் கருத்துக் கூறுமுன் அவனை நாள்தோறும் கவனித்துப் பதிவு செய்யுமாறு எங்களைப் பழக்கியிருந்தார்கள். அவ்வாறே வண்டிக்கும் ஒரு குறிப்பேடு தொடங்கினேன். நேரம், வெயில், மழை, வேகம், மிதியை எவ்வளவு அழுத்தியிருந்தேன் என்பனவற்றை ஒவ்வொரு முறையும் எழுதினேன். எண்ணெய் வரத்துக் குறைந்தால் எந்திரம் திணறித் திணறி ஓயும்; இதுவோ விளக்கை அணைத்தாற்போல நின்றது. ஆகவே, குறை மின்சாரத்தில்தான். காயில் சூட்டினால் பழுதானால், ஆறிய பின்னரே சரியாகும். இதுவோ காலை எடுத்தவுடன் சரியாயிற்று. மழைநாள், வெயில்நாள் என்ற வேறுபாடும் இல்லை. பதினொரு பதிவுகளிலும் ஒன்றே பொதுவாக நின்றது: சமதளம், இலேசான மிதி. மேட்டில் முழுமிதியில் ஒருபோதும் நின்றதில்லை. ஓடாமல் நிற்கையிலும் எந்திரம் அணைந்ததில்லை.

இலேசான மிதியில் மட்டும் நிகழ்வது யாது? அப்பொழுதுதான் கார்புரேட்டரிலிருந்து வரும் காற்றுறிஞ்சல், பாய்ண்ட் அமர்ந்துள்ள தட்டைச் சற்றே திருப்பிப் பொறியை முற்படுத்துகிறது. எந்திரத்தை மெல்ல ஓடவிட்டு, அந்தச் சிறு குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினேன். எந்திரம் அக்கணமே நின்றது. விட்டேன், முடுக்கியதும் ஓடிற்று. மீண்டும் உறிஞ்சினேன், மீண்டும் நின்றது. தட்டுடன் அசையும் விரல் நீளக் கம்பியொன்று, மேலுறை பழுதின்றி இருக்க, உள்ளே இழைகள் அறுந்து கிடந்தது. தட்டுத் திரும்பினால் அறுந்த முனைகள் விலகும், திரும்பாவிடில் தொட்டுக்கொள்ளும். வளைந்து கொடுக்கும் பின்னற்கம்பி ஒன்றைப் பொருத்தினேன். செலவு சில வெள்ளிகளே. அடுத்த ஞாயிறன்று, கம்பார் வரை என் மகனே வண்டியை ஓட்டினான்.

அவ்வாண்டில் எங்கள் பள்ளியின் நான்காம் ஆண்டில் ஒரு சிறுவன் இருந்தான். சில வாரங்கள் நன்கு படிப்பான். சில வாரங்கள் கேட்ட வினாவிற்கு வாய் திறவான். சோம்பேறி என்றனர் சிலர். என் அறையில் அழைத்துக் கேட்டால், எல்லாவற்றிற்கும் விடை கூறினான். அவனைக் குறைநீக்கல் வகுப்பிற்கு அனுப்பும் பரிந்துரை என் மேசைக்கு வந்தது. கையொப்பமிடுமுன், நாள்தோறும் அவனைப் பற்றிக் குறிப்பெழுதுமாறு வகுப்பாசிரியையைக் கேட்டுக்கொண்டேன். ஆறு வாரங்களில் ஒன்று புலப்பட்டது: அவன் தடுமாறிய நாள்களெல்லாம் சளி பிடித்திருந்த நாள்கள். செவிப்பறைக்குப் பின்னே நீர் தேங்குவதால் கேட்கும் ஆற்றல் ஏறி இறங்குகிறது என்று மருத்துவர் கண்டறிந்தார்.

நல்ல நாளில் சோதித்து, "குறையே இல்லை" என்பதும், தீய நாளில் கண்டு, "இவன் இப்படித்தான்" என்பதும் ஒரே அவசரத்தின் இரு முகங்கள். பொருளாயின் பணம் வீணாகும். பிள்ளையாயின் வாழ்வே வீணாகும். சிறுவனுக்குச் சிகிச்சை தொடர்ந்தது. முன்வரிசையில் அமரச் செய்தோம். மழைக்காலத்தில் இன்னும் சில நாள் தடுமாறவே செய்தான். ஆனால், அந்நாள்களில் அவனுடைய ஆசிரியை அவனருகில் சென்று நின்று பேசினார்.