ஒரே நம்பர், வேறு வேறு குணம்!

எங்கள் வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவன் ஓட்டத்தில் முதல், ஒருவன் கணக்கில் புலி, இன்னொருவன் வாயைத் திறக்கவே மாட்டான். டிரான்சிஸ்டர்களிலும் இதே கதைதான் நண்பர்களே!

என் சித்தப்பா ரேடியோ, மைக்செட் ரிப்பேர் பார்ப்பவர். லீவு விட்டால் நான் அவர் கடையில்தான் இருப்பேன். போன பங்குனியில் ஒரு பெரியவர் தன் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வாடகைக்கு விட்டுத்தான் அவர் குடும்பம் ஓடுகிறது. வேறு ஒரு இடத்தில் இரண்டு முறை பவர் டிரான்சிஸ்டர் மாற்றியும், ஒரு மணி நேரம் பாடியதும் புகைந்துவிட்டதாம். இரண்டு முறையும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். “தம்பி, இந்தத் திருவிழாவும் போச்சுன்னா அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடவே மாட்டாங்க” என்றார்.

உள்ளே இருந்தது 2என்3055. பழைய மைக்செட்டுகளில் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் திருகு மாட்டும் உலோகத் தொப்பி. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் கொண்டுவந்தது. அது பதிவு செய்யப்பட்ட எண் என்பதால் பிறகு பல கம்பெனிகள் அதே எண்ணில் செய்தன. டேட்டா ஷீட்டில் 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட் என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் போடுவார்கள். ஆனால் பெருக்கத்தைப் பாருங்கள்: 4 ஆம்பியரில் 20 முதல் 70 வரை! இருபதும் பாஸ், எழுபதும் பாஸ்.

செய்முறையும் மாறிவிட்டது. ஆர்.சி.ஏ.வின் பழைய வகையில் பேஸ் அடுக்கு தடிமன். வேகம் குறைவு, ஆனால் முரட்டு அடி தாங்கும். பிறகு வந்த எபிடாக்சியல் வகை வேகமானது. மெதுவான டிரான்சிஸ்டரை நம்பிப் போட்ட பழைய சர்க்யூட்டில் வேகமானதை மாட்டினால், சில சமயம் அது தானாக அலைய ஆரம்பித்து வீணாகச் சூடாகும்.

எரிந்து போனதைச் சித்தப்பா வைஸில் பிடித்து, ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். தொப்பி பெரிசு, உள்ளே சிலிக்கான் துண்டு அரை அரிசி அளவுகூட இல்லை. போலி! சிறிய துண்டால் அவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ள முடியாது.

புதிதாக இரண்டு கம்பெனிகளில் இரண்டு இரண்டாக நான்கு வாங்கினோம். சாதாரண மல்டிமீட்டரில் இருக்கும் டிரான்சிஸ்டர் சோதனைத் துளையில் இந்தத் தொப்பி நுழையாது. நுழைந்தாலும் அது மிகச் சிறிய மின்னோட்டத்தில்தான் அளக்கும். அதனால் 12 வோல்ட் பேட்டரி, ஹெட்லைட் பல்பு, ஹீட் சிங்க் வைத்து நாங்களே சோதித்தோம். முதலில் 1 கிலோ ஓம் வழியாகப் பேஸுக்கு சுமார் 11 மில்லி ஆம்பியர். முதல் கம்பெனி: 0.64, 0.93 ஆம்பியர். இரண்டாவது கம்பெனி: 0.66, 0.78. ஒரே கம்பெனியின் இரண்டும் இவ்வளவு தள்ளி நிற்க, வேறு வேறு கம்பெனியின் 0.64-ம் 0.66-ம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

சித்தப்பா அதோடு விடவில்லை. “பாட்டு சத்தமா வரும்போது என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்டா” என்று 150 ஓம் மாட்டி, பேஸுக்கு சுமார் 74 மில்லி ஆம்பியர் கொடுத்தார். இப்போது முதல் கம்பெனி: 2.4, 3.4. இரண்டாவது: 3.1, 3.2. இரட்டைப் பிள்ளைகள் பிரிந்துவிட்டார்கள்! மின்னோட்டம் ஏற ஏறப் பெருக்கம் குறையும்; எவ்வளவு குறையும் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு.

இந்த ஆம்ப்ளிஃபையரில் ஒன்று ஒலி அலையின் மேல் பாதியையும் மற்றது கீழ்ப் பாதியையும் தள்ளுகின்றன. ஜோடி பொருந்தாவிட்டால் சத்தம் கரகரக்கும், ஒன்று மட்டும் அதிகம் சூடாகும். சூடு ஏறினால் இன்னும் மின்னோட்டம் இழுக்கும். அதனால் இன்னும் சூடு. எனவே 3.1-ஐயும் 3.2-ஐயும் எடுத்தோம். தொப்பிதான் கலெக்டர் என்பதால் புது மைக்கா தகடு வைத்து, பேஸ்ட் தடவி முறுக்கினோம். முழு சத்தத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டித் தொட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒரே சூடு!

திருவிழா மூன்று நாளும் செட் பாடியது. நான்காம் நாள் பெரியவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து மீதிப் பணத்தைக் கொடுத்தார்.

+2 இயற்பியலில் ‘பீட்டா = கலெக்டர் மின்னோட்டம் / பேஸ் மின்னோட்டம்’ என்று படிக்கிறோமே, அந்தச் சூத்திரம்தான் இது. அடுத்த தடவை ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் சோதனை செய்யும்போது, பக்கத்து மேசைக்காரரின் அளவோடு உங்கள் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். நம்பர் ஒன்றாக இருந்தும் விடை வேறாக வந்தால் அதைத் திருத்தாமல், வந்ததை வந்தபடியே எழுதுங்கள்.

– +2 ‘ஆ’ பிரிவு மாணவன்