மூன்று பேர் அணி

9.2.2018, வெள்ளி – டேஜான்

குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா டிக்கெட் விலையைக் கேட்டதுமே தொலைக்காட்சி போதும் என்று முடிவாகிவிட்டது. பியோங்சாங் மைதானத்துக்குக் கூரை கிடையாது. போனவர்களுக்குப் போர்வையும் சூடு தரும் பொட்டலமும் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். நான் கம்பளிக்குள் கால் நீட்டிப் பார்த்தேன்.

அணிவகுப்பு கொரிய அகரவரிசைப்படி. வழக்கம்போல் கிரீஸ் முதலில். அடுத்து கானா, பிறகு நைஜீரியா. பனியே பார்க்காத நாடுகள் பனி விளையாட்டு ஊர்வலத்தில் முன்னால் போவது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டோங்காவின் பீட்டா டவுஃபடோஃபுவா வந்தபோது ஒரே கூச்சல். இந்தக் குளிரில் மேல்சட்டை இல்லை, உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் பாய். 2016 ரியோவில் டேக்வாண்டோ ஆடியவர், இப்போது பனிச்சறுக்குக்கு வந்திருக்கிறார். கேமரா அவரை விடவே இல்லை.

நம் கொடி சிவ கேசவன் கையில். அவரும் ஜக்தீஷ் சிங்கும், அவ்வளவுதான் இந்திய அணி. 130 கோடிப் பேருக்கு இரண்டு வீரர்கள்.

லீக்டன்ஸ்டைன் கொடியை ஒரு பெண் ஏந்தி வந்தார், பின்னால் சொற்பமான ஆட்கள். கேமரா ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தது. "அது எந்த ஊருடா?" என்றான் அறைத்தோழன். செல்பேசியில் தேடிச் சொன்னேன். சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே 160 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 38,000 சொச்சம். நம் பக்கத்து நடுத்தர நகராட்சி ஒன்றுக்குக்கூட இதைவிட அதிகம் இருக்கும். விமான நிலையம் இல்லை. ராணுவத்தை 1868-இலேயே கலைத்துவிட்டார்கள். வீரர்கள் மூவர்.

"அப்ப நம்மளவிட ஒண்ணு ஜாஸ்தி" என்றான்.

11.2.2018, ஞாயிறு

லூஜ் முடிந்தது. கேசவன் 34-ஆம் இடம். முதல் இருபது பேருக்குத்தான் நான்காவது சுற்று. அவருக்கு மூன்றோடு சரி. 1998 நாகானோவில் பதினாறு வயதுப் பையனாக வந்தவருக்கு இது ஆறாவது ஒலிம்பிக், இதுவே கடைசி என்றும் சொல்லிவிட்டார். மணாலி பக்கத்து மலைச் சாலைகளில், லாரிகளுக்கு இடையே, சக்கரம் பூட்டிய லூஜில் மல்லாந்து படுத்துப் பயிற்சி எடுத்த மனிதர்.

அம்மா தொலைபேசியில் கேட்டாள்: "இந்தியா ஜெயிச்சுதாடா?" "இல்லம்மா." "அங்க என்னடா விளையாட்டு அது, படுத்துக்கிட்டே போறது?" பதில் சொல்வதற்குள் கைப்பேசி அப்பாவிடம் போய்விட்டது. அவருக்குத் தென்னாப்பிரிக்காவில் நடக்கும் கிரிக்கெட்தான் கணக்கு.

14.2.2018, புதன்

காற்று. கங்நுங் ஒலிம்பிக் பூங்காவையே இன்று மூடிவிட்டார்களாம். மலைப் பந்தயங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகின்றன. நாளையிலிருந்து 'சொல்லால்' விடுமுறை, கொரியர்களின் புத்தாண்டு. ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும் நாளில், பந்தயம் பார்க்கப் போக ரயில் இடம் பிடித்ததே பெரிய காரியம்.

இன்னொரு செய்தி. ஜமைக்கா பெண்கள் பாப்ஸ்லெட் அணிக்கும் அவர்களுடைய ஜெர்மானியப் பயிற்சியாளருக்கும் ஒத்துப்போகவில்லை, அவர் விலகிவிட்டார். அதோடு, வண்டி யார் பொறுப்பில் என்ற சச்சரவும் கிளம்பியிருக்கிறது. பந்தயத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

16.2.2018, வெள்ளி – அல்பென்சியா

காலையில் தங்குமிடத்து அம்மாள் புத்தாண்டு சூப் கொடுத்தார், அரிசி மாவுக் கட்டியை வில்லை வில்லையாக வெட்டிப் போட்டது. மாட்டிறைச்சி இல்லாமல் எனக்கென்று தனியாக வைத்திருந்தார். இதைக் குடித்தால் ஒரு வயது கூடும் என்பது இங்கே ஐதீகம்.

பிற்பகல், ஆண்கள் 15 கிலோமீட்டர் பனிச்சறுக்கு. முப்பது விநாடிக்கு ஒருவராக அனுப்புகிறார்கள். கூட ஓடுபவனைப் பார்க்கும் பந்தயம் இல்லை, கடிகாரத்தோடுதான் மல்லுக்கட்டு. சுவிட்சர்லாந்தின் டாரியோ கொலோன்யா 33 நிமிடம் 43.9 விநாடியில் முடித்தார். இதே தூரத்தில் தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கம். கிட்டத்தில் அவர் ஏறியதைப் பார்த்தேன். மேட்டில் கம்பை ஊன்றும்போது தோள் மட்டும் வேலை செய்தது, முகத்தில் ஒன்றும் இல்லை. எல்லைக்கோடு தாண்டிய பிறகுதான் ஆள் விழுந்தார்.

கூட்டம் கலைந்த பிறகும் நாங்கள் கொஞ்சம் பேர் நின்றோம். ஜக்தீஷ் சிங் 103-ஆவதாக வந்தார்; நான் கத்தியது அவருக்குக் கேட்டிருக்காது. பிறகு மொராக்கோ, ஈக்வடார், போர்ச்சுகல். டவுஃபடோஃபுவா 114. 56 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று, கீழே விழவில்லை. விழாமல் வந்ததே அவருக்கு வெற்றி. ஐஸ்லாந்து வரை போய்க் கடைசி நேரத்தில் தகுதி வாங்கியவர். கடைசியாக, 116-ஆவதாக, மெக்சிகோவின் ஜெர்மான் மத்ராசோ, 43 வயது. வழியில் யாரோ கொடுத்த கொடியைப் பிடித்தபடி வந்தார். முன்னால் முடித்த டோங்காக்காரரும் மற்றவர்களும் போகாமல் காத்திருந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

கண் கலங்கியது உண்மை. அந்தப் படம் உலகம் முழுவதும் ஓடும், ஓடட்டும். ஆனால் ஒரு நெருடல். கடைசியில் வந்தால் இத்தனை அன்பு காட்டுகிறோமே, இவர்களில் ஒருவர் முப்பதாவதாக வந்திருந்தால்? ஒரு வரிகூடச் செய்தி இருக்காது. வெப்பநாட்டுக்காரர்கள் இங்கே சிரிக்கவைக்க வேண்டும் அல்லது அழவைக்க வேண்டும். மற்ற நேரத்தில் அவர்களை யாரும் தேடுவதில்லை.

17.2.2018, சனி – ஜங்சன்

பெண்கள் சூப்பர்-ஜி மலைச் சறுக்கு. காரிவாங் மலையின் பழைய காட்டை வெட்டித்தான் இந்தத் தடத்தைப் போட்டார்கள். அதற்கு நடந்த போராட்டமெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். பேருந்திலிருந்து பார்த்தால் மலையில் வகிடு எடுத்ததுபோல் வெள்ளைக் கோடு.

சூப்பர்-ஜிக்கு ஒத்திகை ஓட்டம் கிடையாது. டவுன்ஹில் என்றால் முன்னதாகச் சில நாள் அதே தடத்தில் இறங்கிப் பார்க்கலாம். இதில் காலையில் தடத்தோரமாக மெதுவாகச் சறுக்கி, எந்தத் திருப்பம் எப்படி என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும், பிறகு ஒரே இறக்கம். எங்களுக்குக் கீழே தெரிந்தது கடைசி இரண்டு வளைவும் பெரிய திரையும்தான். ஆள் கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் வரும், கெட்டிப்பனியை இரும்பு விளிம்பு சுரண்டுகிற சத்தம். பிறகு ஒரு வண்ணக் கோடு. பிறகு பலகையில் எண்: பச்சை என்றால் முந்திவிட்டாள், சிவப்பு என்றால் இல்லை.

ஆஸ்திரியாவின் அன்னா ஃபைத் 1:21.12. லீக்டன்ஸ்டைனின் டினா வைராத்தர், அன்று கொடி ஏந்திய அதே பெண், 1:21.22. சுவிட்சர்லாந்தின் லாரா குட் 1:21.23. இருபது பேர் இறங்கியதும் எல்லாம் முடிந்தது என்று என் பக்கத்திலிருந்த ஆஸ்திரியக் குடும்பம் கட்டிப்பிடித்துக்கொண்டது. பின்னால் வருகிறவர்களுக்குத் தடம் கிழிந்து குண்டும் குழியுமாகத்தான் கிடைக்கும். அவர்கள் ஜெயிப்பது எங்கோ ஒரு முறை.

அந்த ஒரு முறை இன்று. 26-ஆம் எண், செக் நாட்டின் எஸ்டர் லெடெட்ஸ்கா. பனிப்பலகை வீராங்கனை, சறுக்குக்கட்டைகள்கூட அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரினிடம் இரவல் வாங்கியவை. பலகையில் பச்சை: 1:21.11. அவர் நின்ற இடத்தில் அப்படியே நின்று பலகையையே பார்த்தார். இயந்திரம் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்துவிட்டார்போல. ஆஸ்திரியக் குடும்பம் உட்கார்ந்துவிட்டது.

எல்லாரும் லெடெட்ஸ்காவைப் பார்த்தார்கள். நான் அடுத்த வரிகளைப் பார்த்தேன். அதுவரை இரண்டாவதாக இருந்த வைராத்தர் மூன்றாவது. லாரா குட் நான்காவது. நூறில் ஒரு பங்கு விநாடி வித்தியாசத்தில் ஒருத்திக்கு வெண்கலம், ஒருத்திக்கு ஒன்றுமில்லை.

மூன்று பேர் வந்த அணிக்குப் பதக்கம். கைதட்டல் இருந்தது, மரியாதையான கைதட்டல். நேற்று கடைசியாக வந்தவருக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை.

18.2.2018, ஞாயிறு – ரயிலில்

ரயிலில் வரும்போது முழுக்க லீக்டன்ஸ்டைனைப் பற்றித்தான் படித்தேன். குளிர்கால ஒலிம்பிக்கில் லீக்டன்ஸ்டைனுக்கு இது பத்தாவது பதக்கம், பத்தும் மலைச் சறுக்கில். இதற்கு முந்தையது 1988 கால்கரியில் பால் ஃப்ரொமெல்ட் வாங்கிய வெண்கலம். முப்பது ஆண்டு இடைவெளி. கோடை ஒலிம்பிக்கில் ஒன்றுகூட இல்லை. தலைக்கு இத்தனை என்று வகுத்தால் உலகிலேயே முதலிடம் இவர்களுக்குத்தான்.

டினாவின் அம்மா ஹன்னி வென்சல். 1980 லேக் பிளாசிடில் ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் தங்கம், டவுன்ஹில்லில் வெள்ளி. தாய்மாமன் ஆண்ட்ரியாஸ் அங்கேயே ஒரு வெள்ளி. அந்த ஆண்டுப் பதக்கப் பட்டியலில் லீக்டன்ஸ்டைன் ஆறாம் இடம்! அப்பா ஹார்ட்டி வைராத்தர் ஆஸ்திரியர், 1982-இல் டவுன்ஹில் உலகச் சாம்பியன். இப்படி ஒரு வீட்டில் பிறந்தால் பதக்கம் வராமல் என்ன செய்யும் என்று கேட்கலாம். ஆனால் டினாவால் முழங்கால் தசைநார் அறுந்து 2010 வான்கூவருக்குப் போக முடியவில்லை. 2014 சோச்சியில் கொடி ஏந்தினார். பயிற்சியில் விழுந்து, ஒரு பந்தயத்திலும் இறங்காமல் திரும்பினார். வீட்டில் அம்மாவின் தங்கம் இருக்கும்போது இதைத் தாங்குவது இன்னும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

லீக்டன்ஸ்டைன்காரர்கள் தனியாக மல்லுக்கட்டுவதும் இல்லை. சுவிட்சர்லாந்து அணியோடு சேர்ந்துதான் பயிற்சி. நேற்று நூறில் ஒரு பங்கில் நான்காவதானவரும் சுவிஸ்காரர்தான். சின்ன நாடு, பெரிய சாதனை என்று உருக ஒன்றுமில்லை. மலை வாசலில் இருக்கிறது, பணம் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் திறந்து வைத்திருக்கிறான். இந்த விளையாட்டில் அவர்கள் பெரிய நாடு. சின்ன நாடு நாம்தான்.

21.2.2018, புதன்

டவுன்ஹில். இத்தாலியின் சோஃபியா கோஜா தங்கம், நார்வேயின் மோவின்கல் வெள்ளி, அமெரிக்காவின் லின்ட்சி வான் வெண்கலம். வைராத்தர் நான்காவது.

ஜமைக்காப் பெண்களுக்கு ரெட் ஸ்ட்ரைப் என்ற அவர்கள் ஊர் பீர் நிறுவனம் வண்டியை வாங்கிக் கொடுத்துவிட்டது. ஓடினார்கள், இருபதில் 19-ஆம் இடம். நைஜீரியா 20. நைஜீரியப் பெண்கள் மரத்தில் தாங்களே ஒரு வண்டி செய்து அமெரிக்காவில் தள்ளிப் பழகியவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஒலிம்பிக் வந்த முதல் பாப்ஸ்லெட் அணி. அதைப் பற்றி எழுதாமல் கடைசி இடத்தைப் பற்றி எழுதியிருக்கிறது இன்றைய ஒரு பத்திரிகை.

25.2.2018, ஞாயிறு

நிறைவு விழா. அறைத்தோழன் பார்க்கவில்லை, தூங்கிவிட்டான்.

இந்திய இணையத் தளங்களில் கேசவனுக்கு வாழ்த்துரைகள் குவிகின்றன: தனி மனிதன், விடாமுயற்சி, உத்வேகம். இருபது ஆண்டு ஒருவரைத் தனியாக விட்டுவிட்டுக் கடைசியில் தனி மனிதன் என்று பாராட்டுவதில் நாம் கெட்டிக்காரர்கள். இமயமலை நம்மிடம் இருக்கிறது. அதன் பனி மூடிய சரிவுகளில் லீக்டன்ஸ்டைனைப் போல எத்தனையோ நாடுகளை வைக்கலாம். அடுத்த போட்டி 2022-இல் பெய்ஜிங்கில். இன்றைய தேதிக்கு இந்தியாவில் பன்னாட்டுத் தரத்தில் ஒரு லூஜ் தடம்கூடக் கிடையாது.