கிச்சன் கதவும் 1,300 டாலர் பாக்கியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, எழுத வெக்கப்பட்டு, டிராஃப்ட்லயே கிடந்த பதிவு இது. 'கிச்சன் கேபினெட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறது எப்படி'ன்னு தலைப்பு வச்சு, நாலு பேருக்கு உபயோகமா எதையாச்சும் எழுதிட்டுப் போயிடலாம்னுதான் ஆரம்பிச்சேன். உபயோகமான சமாச்சாரமும் இதுல இருக்கு. ஆனா நடுவுல நான் பண்ணின ஒரு கேவலமான காரியமும் இருக்கு. அதை விட்டுட்டு எழுதினா கதை நிக்க மாட்டேங்குது.

நாங்க இருக்கறது நியூ ஜெர்சில, எடிசன். வீடு 1994ல கட்டினது. அந்தக் காலத்து அமெரிக்க வீடுகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், கிச்சன் முழுக்க தேன் கலர்ல ஓக் மரக் கேபினெட்டா இருக்கும். மரம் கல்லு மாதிரி, நூறு வருஷம் வரும். ஆனா 2011ல நாங்க குடி வந்ததுலேர்ந்து தாளிச்ச தாளிப்பு, பொரிச்ச அப்பளம், சுட்ட வடை எல்லாம் சேர்ந்து, அடுப்பை ஒட்டின கதவுல கை வச்சா பிசுபிசுன்னு ஒட்டும். 2022ல தங்கமணி "இந்தக் கிச்சன்ல இனிமே நான் நிக்க மாட்டேன்"னு ஒரு நாள் அறிக்கை விட்டுட்டாங்க.

புதுசா போட விலை கேட்டேன். 24,000 டாலர்னாங்க. வாயை மூடிக்கிட்டு வெளில வந்துட்டேன். இருக்கற மரத்தையே சுரண்டி, வெள்ளை பெயிண்ட் அடிச்சுத் தர ஒருத்தர் 5,200 சொன்னார். எக்வடோர்லேர்ந்து வந்தவர், ஐம்பது வயசு இருக்கும். பேரு வேண்டாம், மேஸ்திரின்னே வச்சுக்குவோம். 26 கதவு, 9 டிராயர் முகப்பு. பாதிப் பணம் முன்னாடி, கால் பங்கு கதவை மாட்டும்போது, மீதி 1,300 ஒரு மாசம் கழிச்சு வந்து கீலெல்லாம் சரி பார்க்கும்போது. இதுதான் பேச்சு.

வந்த உடனே வீடு எந்த வருஷம் கட்டினதுன்னு கேட்டார். 1978க்கு முன்னாடி கட்டின வீடுன்னா பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாமாம், அந்த வருஷம்தான் இங்க வீட்டுப் பெயிண்ட்ல ஈயத்தைத் தடை பண்ணினாங்க. அப்படி இருந்தா அதைத் தேய்க்கற முறையே வேற. நம்மது தப்பிச்சுது.

பெயிண்ட் அடிக்கறதுன்னா பிரஷ்ஷை எடுத்து அடிக்கறதுதானேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். மேஸ்திரி மொத ரெண்டு நாள் டப்பாவையே திறக்கலை. ஒவ்வொரு கதவையும் கழட்டி, கீல் உக்கார்ற குழிக்குள்ள நம்பர் எழுதினார். அந்தக் குழி மட்டும்தான் பெயிண்ட் படாத இடம், மாட்டினப்புறம் கண்ணுக்கும் தெரியாது. அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கற வேலை. ஒரு தடவை துடைச்சு, தண்ணி போட்டு அலசி, மறுபடி துடைச்சு. "உப்புத்தாள் அப்புறம்தான். பிசுக்கோட தேய்ச்சா எண்ணெயை மரத்துக்குள்ள நாமே தள்ளி விடற மாதிரி"ன்னார். அவர் துடைச்சுப் போட்ட துணியெல்லாம் பழுப்பு நிறத்துல குவிஞ்சு கிடந்துது. பதினோரு வருஷ சமையலை அப்படிப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.

ஓக் மரத்துல இன்னொரு வில்லங்கம். நம்ம கடுக்காயில இருக்கே துவர்ப்பு, அந்த டானின் இதுலயும் நெறைய உண்டு. தண்ணி கலந்த வெள்ளைப் பெயிண்ட்டை நேரா அடிச்சா, டீ கொட்டின மாதிரி மஞ்சக்கறை உள்ளேர்ந்து வெளில வரும். அதை அடைக்க மொதல்ல ஒரு பிரைமர். அதுக்கு அடிப்படை என்ன தெரியுமா? அரக்கு! ஜார்கண்ட் பக்கம் புரச மரத்துல, இலந்தை மரத்துல ஒட்டிக்கிட்டு வாழற பூச்சி சுரக்கற அதே அரக்கு, ஸ்பிரிட்ல கரைச்சு, வெள்ளைச் சாயம் சேர்த்தது. மூடியைத் திறந்ததும் வந்த வாசனை என்னை நேரா கும்பகோணத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுச்சு. எங்கப்பா பாலிஷ் வேலை செஞ்சவர். அவர் சட்டைல எப்பவும் அந்த வாசனைதான்.

கதவுகளை எல்லாம் தன்னோட பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் ஸ்ப்ரே பண்ணிக் கொண்டு வந்தார். சுவத்தோட இருக்கற சட்டங்களை மட்டும் வீட்டுலயே, பிளாஸ்டிக் கூடாரம் கட்டி அடிச்சார். செப்டம்பர் 16, 2022 கதவெல்லாம் மாட்டியாச்சு. மாவு வெள்ளை. தங்கமணி நாலு தடவை நடந்து நடந்து பார்த்தாங்க.

போகும்போது ஒரு பேப்பர் குடுத்தார். பெயிண்ட் காயறது வேற, இறுகறது வேற. தொட்டா ஒட்டாம இருக்க சில மணி நேரம் போதும், முழுசா இறுக சுமார் முப்பது நாள். அதுவரைக்கும் ஆவி படக்கூடாது, ஈரத்துணியைக் கதவு மேல போடக்கூடாது, அழுத்தித் தேய்க்கக்கூடாது, கறை பட்டா பாத்திர சோப்பு கலந்த தண்ணில மெதுவா ஒத்தி எடுக்கணும். நானே படிச்சு, நானே காந்தம் வச்சு ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன்.

செப்டம்பர் 26 நவராத்திரி ஆரம்பம். மேல சொல்லணுமா? வீட்டுல கொலு. தினம் ஒரு சுண்டல், வர்றவங்களுக்கெல்லாம் சாப்பாடு. எலெக்ட்ரிக் குக்கர் எப்பவும் இருக்கற மூலையிலயே, மேல் கதவுக்கு நேர் கீழ உக்காந்து, தினம் ரெண்டு தடவை புஸ்ஸுனு ஆவி விட்டுச்சு. சிங்க்குக் கீழ இருக்கற கதவு மேல ஈரத் துண்டு. அடுப்புப் பக்கக் கதவுல சாம்பார் தெறிச்சு மஞ்சக்கறை. அதை வெள்ளை ஸ்பாஞ்ச் போட்டு அழுத்தித் தேய்ச்சது அடியேன். அந்த ஸ்பாஞ்ச் பார்க்கத்தான் பஞ்சு, செய்யற வேலை உப்புத்தாள் வேலைங்கறது அப்பத் தெரியலை.

அக்டோபர் நடுவுல பார்த்தா மூணு கதவு போச்சு. ஒண்ணு கீழ் விளிம்புல கொப்புளம். ஒண்ணு மேல் விளிம்புல நகம் பட்டாலே உரிஞ்சு வருது. ஒண்ணுல மினுமினுப்பே போய் திட்டா இருக்கு.

மேஸ்திரி சொன்னபடி கீல் சரி பார்க்க வந்தார். கட்டை விரலால கொப்புளத்தைத் தடவிப் பார்த்துட்டு, "குக்கர் எங்க வைப்பீங்க?"ன்னு கேட்டார்.

"அங்கங்க வைப்போம்"னேன். குக்கரைக் காலைலயே எடுத்து ஷெல்ஃப்ல வச்சிருந்தேன். அந்தப் பேப்பரையும் ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்து டிராயர்ல போட்டிருந்தேன். ஆமாங்க, அவர் வர்றதுக்கு முன்னாடி. அதான் சொன்னேனே, கேவலம்னு.

"பாக்கியைக் குடுங்க, மூணு கதவையும் நான் சரி பண்ணித் தர்றேன்"னார். "மொதல்ல சரி பண்ணுங்க, அப்புறம் பாக்கி"ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். சண்டை போடலை. பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். அப்புறம் ரெண்டு தடவை மெசேஜ் வந்துச்சு. நான் பதில் போடலை. "5,200 வாங்கிக்கிட்டு ஒரு மாசத்துல உரியுது பாருங்க"ன்னு நண்பர்கள்கிட்ட வேற புலம்பிக்கிட்டு இருந்தேன். புலம்பப் புலம்ப எனக்கே அது நெசம்னு தோண ஆரம்பிச்சுடுச்சு.

2023 ஜூன்ல அப்பா வந்தார். அவருக்கு 76 வயசு, கை நடுக்கம், வேலையை விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. வந்த மறுநாள் காலைல காபியைக் கூடக் குடிக்காம ஒவ்வொரு கதவா உள்ளங்கையால தடவிக்கிட்டு வந்தார். "நல்ல கைடா. மூலைல கூட வழியலை பாரு"ன்னார். அந்த மூணு கதவுகிட்ட வந்ததும் குனிஞ்சு பார்த்தார். "இங்க ஆவி அடிச்சிருக்கு. இது ஈரத்துணி. இதை எவனோ போட்டுத் தேய்ச்சிருக்கான்." அஞ்சு நிமிஷம் கூட ஆகலை.

அப்புறம் திரும்பி, "அந்த ஆளுக்குக் காசெல்லாம் குடுத்துட்டல்ல தம்பி?"ன்னு கேட்டார். சாதாரணமாத்தான் கேட்டார்.

இங்கதான் கொசுவத்தி சுத்தணும். 1987, நான் ஆறாங்கிளாஸ். ஒரு பெரிய வீட்டுல அப்பா கதவு, ஊஞ்சல் எல்லாம் பாலிஷ் போட்டார். அரக்குப் பாலிஷ், பஞ்சைத் துணில சுத்தி நாள் கணக்கா தேய்க்கணும். 350 ரூபா பாக்கி. ஊஞ்சல் பலகைல வெள்ளை பூத்துடுச்சுன்னு சொல்லி அவங்க குடுக்கலை. சைக்கிள் பார்ல என்னை உக்கார வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போய் நிப்பார். அந்த வெள்ளையை நானும் பார்த்திருக்கேன். வட்டமா, சரியா ஒரு டம்ளர் அளவுக்கு. அரக்குப் பாலிஷ் மேல சூடா காபி டம்ளரை வச்சா அப்படித்தான் ஆகும். அப்பாவுக்கும் தெரியும், அந்த வீட்டுக்காரருக்கும் தெரியும். ரெண்டு தடவை திரும்பத் தேய்ச்சுக் குடுத்தார். 350 வரவே இல்லை.

அப்பா அன்னிக்கு அந்த ஊஞ்சலைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அவருக்கு ஞாபகம் வந்துதான்னு கூட எனக்குத் தெரியாது. "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குப்பா"ன்னேன். "ம்"னுட்டுக் காபி குடிக்கப் போயிட்டார்.

அன்னிக்கே 1,300க்கு செக் எழுதி தபால்ல போட்டேன். போட்டப்புறம்தான் போன் பண்ணினேன், எடுக்கலை. பத்து நாள் கழிச்சு அவரே கூப்பிட்டார். மூணு கதவுக்கு 360 ஆகும், இது புது வேலை, சம்மதமான்னு கேட்டார். சம்மதம்னேன்.

வந்தப்ப வாசல்லயே சொன்னேன், "அந்தப் பேப்பரை நான் அன்னிக்கே படிச்சேன். தப்பு எங்க மேலதான்."

"தெரியும். ஃபிரிட்ஜ்ல காந்தம் மட்டும் தனியா இருந்துச்சு"ன்னார்.

காபி வேணுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டார். கதவுகளைக் கழட்டிட்டுப் போனவர் ஒரு வாரம் கழிச்சுக் கொண்டு வந்து மாட்டினார். எங்கயும் ஒட்டு தெரியலை. அப்பா பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தார். ஒருத்தருக்குத் தமிழ், இன்னொருத்தருக்கு ஸ்பானிஷும் கொஞ்சம் இங்கிலீஷும். சட்டத்துல ஏதோ கீறல் இருந்துச்சுன்னு மேஸ்திரி பிரைமர் டப்பாவைத் திறந்தார். அப்பா குனிஞ்சு மோந்து பார்த்துட்டு, "அரக்கு!"ன்னு என்னைப் பார்த்துச் சத்தமா சொன்னார். எங்கப்பாவுக்கும் இதுதான் தொழில்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன். அவர் டப்பாவை மூடி வச்சுட்டு அப்பா கையை வாங்கி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் வேனுக்குக் கூட்டிட்டுப் போனார்.

ஸ்ப்ரே கன்னை எடுத்து, ஒரு அட்டைப் பெட்டியைக் கிழிச்சு வேன் கதவுல சாய்ச்சு வச்சு, அப்பா கைல குடுத்தார். அப்பா காலத்துல பஞ்சும் துணியும்தான், கன் பிடிச்சதே இல்லை. மொத வரி வழிஞ்சுது. மேஸ்திரி பின்னாடி நின்னு முழங்கையைப் பிடிச்சு, மணிக்கட்டை ஆட்டக்கூடாது, தோளோட நகர்த்தணும்னு செஞ்சு காட்டினார். ரெண்டாவது வரி சீரா வந்துச்சு. மூணாவதும்.

"டேய் தம்பி, கை நடுங்கலை பாரு"ன்னார் அப்பா.

அக்டோபர்ல ஊருக்குக் கிளம்பும்போது அந்த அட்டையைப் பெட்டில வைக்கணும்னு ஒரே அடம். மடிச்சா பெயிண்ட் விட்டுடும்னு சொல்லி வாங்கி வச்சேன். கராஜ்லதான் இருக்கு. குக்கர் இப்போ நடு மேடைல, தலைக்கு மேல எதுவும் இல்லாத இடத்துல இருக்கு.