எண்பதில் வரும் நடுக்கம்

எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். அறுபதுக்கு இறங்கினால் சுவடே இருக்காது. அம்மாவின் சிகிச்சைக்காகத் திருச்சிக்கும் சென்னைக்கும் அடிக்கடி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. பின்சீட்டில் அவர் படுத்திருப்பார். லாரியை முந்த வேண்டிய இடத்திலெல்லாம் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். அந்த வண்டியை ஓட்டவே பயமாக இருந்தது. வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

ஒரு கடையில் அலைன்மென்ட் செய்து கொடுத்தார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. பெரம்பலூர்ப் பக்கம் நெடுஞ்சாலையோரம் டயர் கடை வைத்திருந்த பெரியவர்தான், வண்டியைத் தொடுவதற்கு முன்பு கேள்வி கேட்டார்.

"எந்த வேகத்துல நடுங்குது சார்? பிரேக் மிதிச்சா மட்டுமா, எப்பவுமேவா? கையில தெரியுதா, சீட்டுல தெரியுதா?"

கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் முதலில் பிரேக் டிஸ்க்கைத்தான் பார்க்க வேண்டும். பாதி வைத்தியம் அந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிட்டது.

முதலில் சக்கரத்தின் பேலன்சிங்கைப் பார்த்தார். அது எடை சம்பந்தப்பட்டது. டயரும் ரிம்மும் சுற்றிலும் ஒரே கனமாக இருப்பதில்லை. கனம் கூடிய இடத்துக்கு எதிரே சின்ன வெயிட் ஒன்றை வைத்து ஈடுகட்டுகிறார்கள். இரும்பு ரிம் என்றால் விளிம்பில் அடித்து மாட்டுவார்கள். அலாய் வீல் என்றால் உள்பக்கம் ஒட்டுவார்கள். என் வண்டியின் இடது முன்சக்கரத்தில் ஒட்டியிருந்தது எங்கோ விழுந்துபோய், பசைத் தடம் மட்டும் மிச்சம். மெஷின் 30 கிராம் காட்டியது.

வெறும் 30 கிராம் இவ்வளவு ஆட்டுமா என்று நம்ப முடியாமல், வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 14 அங்குல ரிம் உள்ள சின்னக் கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சக்கரம் நொடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் கூடுதலாக இருக்கும் 30 கிராம், சுமார் ஐந்து கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் அதே இழுப்பு ஒரு கிலோகூட இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஊருக்குள் சாதுவாக ஓடிய வண்டி நெடுஞ்சாலையில் உதறியதற்குக் காரணம் இதுதான்.

"டயர்ல கைய வச்சுத் தடவிப் பாருங்க சார்" என்றார் அடுத்து. வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழவழப்பு. உள்ளிருந்து வெளியே இழுத்தால் ரம்பப் பல் போல விரலில் தட்டியது. "டோ போயிருக்கு."

இது எடை விஷயமில்லை, அலைன்மென்டில் திருத்தும் கோணம். மேலிருந்து பார்க்கும்போது முன்சக்கரங்களின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதே டோ. ஒரு சக்கரம் இருக்க வேண்டிய கோணத்திலிருந்து ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு விலகினாலே, கிலோமீட்டருக்குச் சுமார் மூன்று மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் உரசுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் அந்த உரசல் 29 கிலோமீட்டர்! கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோணல்தான் டயரைத் தின்கிறது.

முன்னால் நின்று பார்த்தால் தெரியும் சாய்வு கேம்பர்; அது மிஞ்சினால் டயரின் ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாகும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது காஸ்டரால். நம் சின்னக் கார்கள் பலவற்றில் திருகித் திருத்த வழி இருப்பது முன்சக்கர டோவுக்கு மட்டுமே. கேம்பர் மாறியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, இல்லை தேய்ந்திருக்கிறது. அது என்னவென்று தேடாமல் ஜாக்கி கொடுத்து நெம்பிச் சரிசெய்வதை என்னால் ஏற்க முடியாது. அந்த வண்டியில் குடும்பம் உட்கார்ந்து போகிறது.

பெரியவர் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார். டக் டக்கென்று சத்தம். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனை தேய்ந்திருந்தது.

"இது ஆடுற வரைக்கும் அலைன்மென்ட் நிக்காது சார். காசை வாங்கிட்டு நான் அனுப்பிடலாம், கொஞ்ச நாள்ல மறுபடியும் போயிடும்."

அதை மாற்றி, வெயிட் ஒட்டி, நான்கு டயருக்கும் காற்று சரிபார்த்த பிறகே அலைன்மென்டுக்கு வண்டியை ஏற்றினார். அன்று ஸ்டியரிங் 100-இலும் அசையவில்லை. லேசாக இடப்பக்கம் ஒதுங்குகிறதே என்று கேட்டேன். மழைநீர் வடிய ரோடே அந்தப் பக்கம் சரிந்திருக்கும், சமதரையில் ஓட்டிப் பாருங்கள் என்றார். சமதரையில் நேராகத்தான் போனது.

இப்போது நான் அலைன்மென்ட் முடிந்ததும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்கிறேன். முன்பிருந்த அளவு, திருத்திய அளவு, கம்பெனி வரம்பு எல்லாம் அதில் இருக்கும். இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே சக்கரத்தின் அளவு திரும்பத் திரும்ப மாறியிருந்தால், இன்னொரு அலைன்மென்டுக்குப் பணம் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்து பால் ஜாயிண்டையும் புஷ்ஷையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.